சக்கரம் வச்ச தாய்வீடு

அந்த சீட்டுல உக்காராதீங்க தம்பி, கம்பி துருத்திக்கிட்டு இருக்குது, பேண்டைக் கிழிச்சுப்போடும். இதுல உக்காருங்க. டிரைவர் சீட்டு. கழட்டி வெளிய போட்டு எத்தனையோ நாளாச்சு, இன்னும் குஷன் அமுங்கல பாருங்க. உங்க ஸ்கூல் வேனுக்கு இப்பத்தான் ரெண்டாவது கோட்டு அடிக்கறாங்க. அது காய்ஞ்சு, பேரு எழுதி முடிக்க சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் வெயில்ல நின்னு என்ன பண்ணப் போறீங்க?

ஃபோர்மேன் சொன்னாரு, நீங்கதான் ஸ்கூலைப் பாத்துக்கறீங்கன்னு. படிச்சவங்க. அதனால உங்ககிட்ட ஒண்ணு கேட்டுப்போடறேன். பழைய பஸ்ஸை வாங்கி உள்ளுக்குள்ள வீடாட்ட மாத்திக்கறது நல்லதுங்களா, இல்ல யாராச்சும் ஓட்டிக்கிட்டிருந்த கேரவனை செகண்ட்ஸ்ல வாங்கறது நல்லதுங்களா?

பஸ்ஸுங்கறீங்களா? அதா, உடனே சொல்லிப்போட்டீங்க. இப்படித்தான் எல்லாரும் பாதிக் கதையில சொல்லிப்போட்டுப் போயிர்றாங்க. அதனாலதான் நான் இந்த நெலமையில நிக்கறேன். முழுசாக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. நம்ம கரூர்ல இருந்து திண்டுக்கல் போற ரூட்டுல ஒரே மொதலாளிகிட்ட பஸ்ஸு ஓட்டி, அங்கயே ரிட்டயரும் ஆனவன். வண்டியைப் பத்தி எங்கிட்ட யாரும் பேச முடியாது. எனக்கு ஒரே பொண்ணு. கோகிலவாணி. ஹூப்ளியில கட்டிக் குடுத்திருக்குது. மாப்பிள்ளைக்கு அங்க ஒரு மில்லுல உத்தியோகம். தாய் தகப்பன் இல்லாத மனுசன், சொந்த ஊரு பவானிப் பக்கம். பொண்ணைத் தங்கமாட்ட வச்சிருக்காரு, அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்.

கல்யாணமாகி ஒம்பது வருசம் புள்ளை இல்ல தம்பி. போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. போன தையில போன் வருது. 'அப்பா'ங்கறா. அப்புறம் அழுகறா. நான் பதறிப்போயி, 'என்ன கண்ணு, மாப்பிள்ளைக்கு ஏதாச்சும்...'ன்னு இழுக்கறேன். என்ற சம்சாரம் ருக்குமணி போனைப் புடுங்கிச் சித்த நேரம் கேட்டா. அப்புடியே சமையக்கட்டுத் தரையில உக்காந்துட்டா. நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சு ஓடுது, எந்திரிச்சு அணைக்கோணும்னு ரெண்டு பேருக்கும் தோணல.

ஆனா ஹூப்ளி டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க. இது ரொம்ப நாள் கழிச்சுத் தங்குன கரு, படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாது, பஸ்ஸு ரயிலு எதுலயும் ஏறவே கூடாதுன்னு.

சிக்கல் இங்கதான் ஆரம்பம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானுங்களே? ஏழாம் மாசம் கட்டுச்சோறு ஆக்கிப் போட்டு, பொண்ணைக் கையைப் புடிச்சு நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரோணும். பெத்தவன் கூரைக்குக் கீழ, பெத்தவன் சோத்தைத் தின்னு அவ புள்ளை பெறோணும். அதைக் கூடச் செய்யலைன்னா அப்பன்னு ஒருத்தன் எதுக்கு? அவளால வர முடியாதுன்னா நான் என்ன பண்ணுவேன்?

மாப்பிள்ளை அன்னிக்கே போன் பண்ணுனாரு. 'மாமா, நீங்களும் அத்தையும் கெளம்பி இங்க வந்துருங்க. ஒரு வருசம்னாலும் இருங்க, இது உங்க வீடு'ன்னாரு. அவுரு நல்ல மனசுலதான் சொன்னாரு. ருக்குமணி அதைக் கேட்டதும் பரண்ல இருந்து பெட்டியை எறக்கித் தொடைக்க ஆரம்பிச்சுட்டா.

நான் எப்படிங்க போவேன்? பொண்ணு குடுத்த வீட்டுல போயி மாசக்கணக்குல உக்காந்து திங்கறதா? எங்கப்பாரு எங்க அக்கா வீட்டுக்குப் போனா வாசல்ல நின்னே பேசிப்போட்டு வந்துருவாரு. தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டாரு. அக்கா சொம்பைக் கையில வச்சுக்கிட்டு நிக்கும். அந்த வளப்புல வந்தவன் நான்.

இன்னொண்ணும் இருக்குது. கல்யாணத்தன்னிக்குப் பந்தியில மாப்பிள்ளையோட பெரியப்பா எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. ரசஞ்சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொல்றாரு, 'ஒத்தைப் பொண்ணு வச்சிருக்கறவங்கள்லாம் கடைசியில பெட்டியைத் தூக்கிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்கே வந்துருவாங்க'ன்னு. பொதுவாச் சொல்றாப்புல சொன்னாரு. எனக்குத்தான் சொன்னாருன்னு எனக்குத் தெரியாதா? எலையில பாயசம் ஊத்தறாங்க, எனக்கு எறங்கல. அந்த மனுசன் செத்து நாலு வருசமாச்சு. செத்தா என்ன தம்பி? சொன்னது சொன்னதுதானே.

ருக்குமணி கேட்டா, 'ஏனுங்க, செத்துப்போனவரு பேச்சுக்காக உசுரோட படுத்திருக்கறவளை விட்டுப்போடுவீங்களா?'ன்னு. பொம்பளைக்கு இதெல்லாம் வெளங்காது. விட்டுப்போடறேன்னு நான் சொன்னனா? போகோணும். ஆனா போற மொறையில போகோணும்.

ரெண்டு நாள் சரியாச் சாப்பிடாம ரோசனை பண்ணுனேன். மூணாம் நாள் காத்தால பல்லு வெளக்கறப்பப் பளிச்சுன்னு தோணுச்சு. பொண்ணு தாய்வீட்டுக்கு வர முடியாது. செரி. தாய்வீடு பொண்ணுகிட்டப் போகட்டும்! ஒரு வண்டியை வீடா மாத்தி ஓட்டிக்கிட்டுப் போயி மாப்பிள்ளை கேட்டுக்கு முன்னால நிறுத்திப்போட்டா, அது யாரு வீடு? என்ற வீடு. என்ற அரிசி, என்ற பருப்பு, என்ற அடுப்பு. அவ நாலு எட்டு வச்சா தாய்வீட்டுக்குள்ள வந்துருவா. ருக்குமணி பொழுதன்னிக்கும் அவளைப் பாத்துக்கலாம். மாப்பிள்ளை வேணும்னா நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வரட்டும்.

எப்படிங்க ரோசனை? நீங்களே சிரிக்கறீங்க பாருங்க, சந்தோசத்துல. ருக்குமணிகிட்டச் சொன்னேன். அவ என்னையே பாத்தா. தொடைச்சு வச்சிருந்த பெட்டியைப் பாத்தா. 'பஸ்ஸு ஓட்டி ஓட்டி உங்களுக்குப் புத்தியும் ரூட்டுலயே போகுது'ன்னுட்டு வாசல் கூட்டப் போயிட்டா.

எங்க மொதலாளிகிட்ட வயசாகி ஓரங்கட்டுன பஸ்ஸு ஒண்ணு நின்னுது. இதா, நீங்க சாஞ்சிருக்கீங்களே, இதேதான். நானே ஓட்டுன வண்டி, எஞ்சினு கல்லு மாதிரி. ஃபோர்மேன் நல்லாச் செய்வாருன்னு இந்தப் பட்டறைக்கு ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். சீட்டு எல்லாம் கழட்டியாச்சு. முப்பத்தாறு அடி நீளம். ஒரு குடித்தனமே நடத்தலாம்.

வீடுன்னு ஆனதுக்கப்புறம் வாஸ்து பாக்காம இருக்க முடியுங்களா? புள்ளை பொறக்கப் போற வீடு. ருக்குமணிக்கு மனசு சங்கடப்படுமேன்னு வாஸ்துக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்தேன். அவுரு நாலு மூலையும் சுத்திப் பாத்துப்போட்டு, 'அடுப்பு தென்கெழக்குல, அக்கினி மூலையில வரோணும். கக்கூஸு வடமேக்குல வரோணும்'ன்னாரு. ஃபோர்மேன் குறும்புக்காரரு. 'சாமி, வண்டி திரும்புனா மூலையும் கூடவே திரும்புமே, அப்ப என்ன பண்றது?'ன்னு கேட்டுப்போட்டாரு. வாஸ்துக்காரரு அசரலையே! டீயைக் குடிச்சு முடிச்சு, 'நிறுத்தற தெசைதான் கணக்கு'ன்னாரு.

இங்கதான் கெரகம் பாருங்க. கெழக்க பாத்து நிறுத்துனா அக்கினி மூலை எங்க வருது? டிரைவர் சீட்டுல! ஸ்டியரிங்கு மேல அடுப்பை வச்சுச் சோறாக்கறதா? செரி, மேக்க பாத்து நிறுத்தலாம்னா அடுப்பு பொறகால போயிருது, கக்கூஸு வந்து டிரைவர் சீட்டுல உக்காந்துக்குது. தெக்க பாத்து நிறுத்தறது ஆகாதுன்னுட்டாரு. வடக்க பாத்து நின்னா மட்டுந்தான் ரெண்டும் சொல்லி வச்சாப்புல அமையுது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். 'மாப்பிள்ளை, உங்க தெரு எந்தப் பக்கம் பாத்து ஓடுது, எவ்வளவு அகலம்னு சித்த அளந்து சொல்லுங்க'ன்னேன். அந்த மனுசன் மில்லுக்கு லீவு போட்டுட்டு டேப்பைப் புடிச்சுத் தெருவை அளந்திருக்காரு. பக்கத்து வீட்டுக்காரங்க சாக்கடை வெட்டப் போறாங்களாக்கும்னு வந்து கேட்டாங்களாம். கோகிலா ஜன்னல் வழியாப் படுத்துக்கிட்டே பாத்துச் சிரிச்சாளாம். 'அப்பா, அவரு தெரு நடுவுல மண்டி போட்டு அளக்கறாருப்பா'ன்னு போன்ல சிரிப்புன்னா அப்படிச் சிரிப்பு. அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டு வருசக்கணக்காச்சு. அப்பவே நெனச்சேன், இந்தக் காரியம் நல்லபடியா முடியும்னு.

தெரு கெழக்கு மேக்கா ஓடுதாம். முப்பத்தாறு அடி வண்டியை வடக்க பாத்து நிறுத்தோணும்னா தெருவுக்குக் குறுக்கால நிறுத்தோணும். ஊருக்காரன் ஒதைக்க வருவான்.

அதனால பஸ்ஸு வேண்டாம்னு ஆச்சு. சின்னதா, செஞ்சு வச்ச கேரவனே வாங்கிப்போடலாம்னு பொள்ளாச்சியில ஒண்ணு இருக்குதுன்னு கேள்விப்பட்டு நானும் ருக்குமணியும் போனம். சினிமா சூட்டிங்குக்கு விட்டுக்கிட்டிருந்த வண்டி. உள்ள சோபா என்ன, ஏசி என்ன, சுத்தி பல்பு வச்ச கண்ணாடி என்ன! ருக்குமணி அந்தக் கண்ணாடியில மூஞ்சியைப் பாத்துட்டு, 'எளைச்சுப்போயிட்டேன் இல்லீங்க?'ன்னா. கெளம்பறது எப்பன்னு வித்தவன்கிட்ட அவளே கேக்கறா. 'நாளைக்கே ஓட்டிக்கிட்டுப் போலாம்மா'ன்னான் அவன்.

நான்தான் நின்னு நெதானமாப் பாத்தேன். கக்கூஸு கதவைத் தொறக்கறேன், அது நேரா அடுப்புல வந்து இடிக்குது. இந்தக் கையில கரண்டி, அந்தக் கையில கக்கூஸு தாப்பாள். இதுல ருக்குமணி பொழங்குவாளா? சுத்தபத்தமா இருந்தவ. நான் வித்தவன்கிட்டச் சொல்லிப்போட்டேன், 'தம்பி, எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க'ன்னு. ருக்குமணி என்ற சட்டையைப் புடிச்சு இழுக்கறா. 'நான் ஒத்துக்கறேங்க. அதுக்குள்ளயே படுத்துக்கச் சொன்னாலும் படுத்துக்கறேன், கெளம்பலாமுங்க'ங்கறா. எனக்காகச் சொல்றா. அவ மனசு எனக்குத் தெரியாதா? அவளைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு வேண்டாம்னுட்டு வந்துட்டேன். பஸ்ஸுல வர்ற வழி பூரா அவ ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. கக்கூஸைப் பாத்து மனசு ஒடிஞ்சுபோச்சாட்ட இருக்குது.

இந்த அலைச்சல்ல ஆனி மாசம் வந்துருச்சு. ஏழாம் மாசம். கட்டுச்சோறு ஆக்கோணும். வண்டி வரட்டும், நம்ம வீட்டு அடுப்புலயே ஆக்கி ஒம்பதாம் மாசத்துல போட்டுக்கலாம்னு சொன்னேன். ஒம்பதுலயும் போடறவங்க இருக்காங்க தம்பி, இல்லாதது ஒண்ணும் இல்ல. அன்னிக்குச் சாயங்காலம் கோகிலா போன் பண்ணுனா. அவளுக்குக் காலு வீங்கியிருக்குதாம். மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டா வீட்டுல ஒருத்தரும் இல்லையாம். கூடத்துல பல்லி சத்தம் போட்டாக் கூடப் பயமா இருக்குதுங்கறா.

'அப்பா, வண்டி எல்லாம் வேண்டாம்ப்பா. அம்மாவை மட்டும் அனுப்பி விடுங்கப்பா'ன்னா.

அம்மாவை மட்டும்! கேட்டுக்கிட்டீங்களா? இவளுக்காக நான் தெசை பாத்துக்கிட்டு, பட்டறைக்கும் பொள்ளாச்சிக்கும் அலைஞ்சுக்கிட்டு, கரியும் கிரீஸுமாக் கெடக்கறேன். அம்மாவை மட்டும் அனுப்பு. 'செரி கண்ணு, ஒடம்பைப் பாத்துக்க'ன்னு வச்சுட்டேன். ருக்குமணி பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தா. என்ன சொன்னான்னு கேட்டா. சாப்பிட்டீங்களான்னு விசாரிச்சான்னு சொல்லிப்போட்டேன். அவ வெசனப்படக் கூடாதில்லீங்களா?

மாப்பிள்ளையே மறுபடியும் ஒரு வழி கண்டுபுடிச்சாரு. அவுரு வீட்டுக்கு அடுத்தாப்புல ஒரு காலிமனை கெடக்குதாம். மனைக்காரரைத் தேடிப் புடிச்சுப் பேசி, பஸ்ஸை அதுக்குள்ள நிறுத்திக்கலாம்னு சம்மதம் வாங்கிப்போட்டாரு. வடக்க பாத்து! காம்பஸ் வச்சுப் பாத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு போட்டோ எடுத்து அனுப்புனாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை வீட்டுல போயி ஓசியில உக்காரலாமுங்களா, நீங்களே சொல்லுங்க. மரியாதை இல்லீங்களா?

அப்ப பஸ்ஸேதான்னு முடிவாச்சு. ஆனா பஸ்ஸை வீடாக்கறது லேசுப்பட்ட காரியமா? தண்ணித் தொட்டி, கேஸு, கட்டிலு, மேல சோலாரு. ஆர்.டி.ஓ. ஆபீஸுல வண்டியோட வகையையே மாத்தோணும். அதுக்கெல்லாம் வழி பண்றதுக்காக, வீட்டைப் போக்கியத்துக்கு விட்டுட்டேன். மூணு வருசத்துக்கு. நாம எப்படியும் ஹூப்ளியில இருக்கப் போறம், இங்க வீடு சும்மாத்தானே கெடக்கப்போகுதுன்னு ஒரு கணக்கு. பேங்குல வேலை பாக்கற ஒரு குடும்பம், நல்ல மாதிரி. வெள்ளையடிச்சுக்கறோம்னாங்க, செரின்னேன்.

ருக்குமணிகிட்ட அட்வான்ஸு கைமாறுன பொறகுதான் சொன்னேன். முன்னாடியே சொன்னாக் கொழப்பிக்குவான்னு. அவ கத்துவான்னு நெனச்சேன். கத்தலீங்க. சாமான் எல்லாத்தையும் மூட்டை கட்டி அவ தம்பி வீட்டுக்கு அனுப்பிச்சா. கோகிலா ரூமுல அவ பள்ளிக்கூடத்துல வாங்குன கப்பு, பழைய துப்பட்டா எல்லாம் இருந்துது, அதைத் தனியா ஒரு சாக்குல கட்டுனா. சாவி குடுக்கற அன்னிக்குக் காத்தால வீட்டைக் கழுவி விட்டா. சாவியை அந்தம்மா கையில குடுத்துட்டு வெளிய வந்தம். நான் பட்டறைக்குப் போற டவுன் பஸ்ஸுக்கு நிக்கறேன். அவ எதிர்த்தாப்புல போயி நிக்கறா. 'எங்க போற புள்ள?'ங்கறேன். 'ரயில்வே ஸ்டேசனுக்கு'ங்கறா.

தனியா ரயிலேறிப் பழக்கமே இல்லாதவ தம்பி. ஈரோட்டுல எறங்கி வண்டி மாறோணும், பாசை தெரியாது. 'ஏய், வண்டி இன்னும் சித்த நாள்ல முடிஞ்சுரும், சேந்து போலாம்'ங்கறேன். அவ திரும்பிச் சொன்னா, 'நீங்க வீட்டை ஓட்டிக்கிட்டு வாங்க. நான் முன்னாடி போயி வாசல் தெளிச்சு வைக்கறேன்.' சொல்லிப்போட்டு பஸ்ஸேறிட்டா. நான் பாத்துக்கிட்டே நிக்கறேன். கையில பையை வாங்கி ஏத்தி விடோணும்னு கூட எனக்குத் தோணல.

அன்னில இருந்து நான் இந்த பஸ்ஸுக்குள்ளதான் குடித்தனம். கட்டிலு போட்டாச்சு. தண்ணித் தொட்டி மாட்டுனா ஒழுகுச்சு, கழட்டி மறுபடி மாட்டுனாங்க. வடக்க பாத்து நிறுத்துனா கக்கூஸு முன்னாடிப் படிக்கட்டுல வருது இல்லீங்களா, அப்ப ஏறி எறங்கறதுக்குப் பின்படிதான். பின்படி ஒசரம். மாசமா இருக்கற பொண்ணு ஏறுவாளா? இன்னொரு படி போடோணும். படி போட்டா ரோட்டுல இடிக்கும், மடக்குப்படி வைக்கோணும். ஃபோர்மேன் தலையில கைய வச்சுக்கிட்டாரு. நடுவுல அந்தப் பொள்ளாச்சிக்காரன் வேற போன் பண்றான், 'அய்யா, வண்டி இன்னும் நிக்குது, கக்கூஸு கதவை வேணும்னா வெளிப்பக்கமாத் தொறக்கறாப்புல மாத்தித் தர்றேன்'ங்கறான். எனக்கு மறுபடி கொழப்பம். அட, அதுவே மேலோ? அப்புடின்னா இந்த பஸ்ஸுல செஞ்சதெல்லாம் என்ன ஆகறது?

ஆடி மாசம் ஒரு நாள், அந்தப் படிக்கு வெல்டிங் வச்சுக்கிட்டிருக்காங்க. தகரத்தைத் தட்டற சத்தம் காதைப் பொளக்குது. ருக்குமணி போன் பண்றா. ஒண்ணும் கேக்கல. 'சத்தத்தை நிறுத்துங்கடா!'ன்னு கத்துனேன். பட்டறையே நின்னுபோச்சு. அப்பத்தான் கேட்டுச்சு. புள்ளை அழுகற சத்தம். நாளுக்கு முன்னாடியே ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. பொம்பளைப் புள்ளை. தாயும் புள்ளையும் சௌக்கியம்னா ருக்குமணி. பட்டறையில அத்தனை பேரும் சுத்தியலைக் கையில வச்சுக்கிட்டு என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. 'என்ன கொழந்தைங்கண்ணா?'ன்னு ஃபோர்மேன் கேக்கறாரு. நான் இந்தப் படியில உக்காந்து அழுதேன் தம்பி. வெக்கமில்லாம அழுதேன். ஒம்பது வருசம் காத்துக்கெடந்த புள்ளை, அந்தச் சத்தத்தை நான் போன்ல கேக்கறேன்.

ஃபோர்மேன் சொன்னாரு, 'அண்ணா, குளிச்சுட்டுக் கெளம்புங்க, சாயங்காலம் பஸ்ஸேறுனா விடிய ஹூப்ளியில இருக்கலாம், படியை நாங்க பாத்துக்கறோம்'ன்னு. போலாமுங்க. போயி? எங்க தங்கறது? யாரு வீட்டுல சாப்பிடறது? இத்தனை மாசம் பொறுத்தவன் வெறுங்கையை வீசிக்கிட்டுப் போயி அவுங்க வாசல்ல நின்னா, இவ்வளவு பாடுபட்டதுக்கு என்ன அர்த்தம்? வண்டியோடதான் போவேன்னுட்டேன். வீம்பு இல்லீங்க. மொறை.

புள்ளைக்குப் பேரு வச்சாங்க. வீடியோவுல காட்டுனாங்க. மாப்பிள்ளை போனைப் புள்ளை மூஞ்சிகிட்டப் புடிச்சு, 'தாத்தாவைப் பாரு, தாத்தாவைப் பாரு'ங்கறாரு. அது என்னைப் பாக்கல, ஃபேனைப் பாக்குது. மூக்கு அப்படியே கோகிலா மூக்கு.

இதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்தது இது இல்ல. முந்தாநாள் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

கோகிலா போன் பண்ணுனா. கொரலே வேற மாதிரி, துள்ளுது. 'அப்பா, டாக்டரம்மா பயணம் பண்ணலாம்னுட்டாங்க. தீவாளிக்கு நாங்க வர்றோம். பாப்பாவுக்கு மொதத் தீவாளி தாத்தா வீட்டுலதான். மூணு மாசம் அங்கயே இருக்கப் போறேன்ப்பா. நம்ம வீட்டுல, என்ற ரூமுல, ஜன்னலோரமாப் பாப்பாவைப் போட்டுக்கிட்டுப் படுத்துத் தூங்கோணும். தூங்கி எந்திரிச்சு அம்மா கையால காப்பி குடிக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம். நீங்க வண்டி எல்லாம் ஓட்டிக்கிட்டு வர வேண்டாம்ப்பா, பாருங்க, நானே தாய்வீட்டுக்கு வர்றேன்'ங்கறா.

அவளுக்கு வீட்டு விசயம் தெரியாது தம்பி. ருக்குமணி இத்தனை நாளா அவகிட்டச் சொல்லல. புள்ளை பெத்த ஒடம்பு, அழுவான்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கா. நான் என்ன பண்ணுவேன்? பேங்குக்காரங்ககிட்டப் போயிக் கேட்டுப் பாத்தேன். ஒரு மூணு மாசம் விட்டுக் குடுங்கன்னு. அவுங்க பசங்களை இங்க பள்ளிக்கூடத்துல சேத்துட்டாங்க, எங்க போவாங்க? அந்தம்மா பாவம், காப்பி குடுத்தாங்க. கோகிலா ரூமுல அவுங்க பசங்க கம்ப்யூட்டர் வச்சிருக்காங்க. செவுத்துக்கு ஊதாக்கலரு அடிச்சிருக்காங்க. நான் வாங்குன வீட்டுல விருந்தாளியாட்டச் சேருல உக்காந்து காப்பியைக் குடிச்சுட்டு வந்தேன்.

நேத்து போன்ல சொல்லிப்போட்டேன். வேற வழியில்ல. 'கண்ணு, வீடு போக்கியத்துல இருக்குது. உனக்காகத்தான் விட்டேன். பஸ்ஸு இருக்குது, கட்டிலு போட்டிருக்குது, வாங்க, ஒண்டிக்கலாம்'ன்னேன். அந்தப் பக்கம் புள்ளை சிணுங்கறது கேக்குது. 'என்ற ரூமும் சேத்தாப்பா?'ன்னு கேட்டா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்கன்னு திட்டியிருந்தாக் கூடத் தேவலை.

அப்புறம் மாப்பிள்ளைதான் போனை வாங்குனாரு. 'பரவால்லீங்க மாமா, மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க. டிக்கெட்டு போட்டாச்சு, அவளும் ஆசையா இருக்கா. கரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல ஒரு லாட்ஜுல ரூம் போட்டிருக்கேன். ரெண்டு ரூம். ஒண்ணு உங்களுக்கும் அத்தைக்கும். எல்லாரும் சேந்தாப்புல தீவாளி கொண்டாடிரலாம்'ன்னாரு. பொறந்த ஊருக்கு, பெத்தவன் இருக்கற ஊருக்கு, கைப்புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து என்ற பொண்ணு லாட்ஜுல தங்கப் போறா தம்பி. புள்ளைக்கு எண்ணெய் தேச்சு ஊத்தறது லாட்ஜு பாத்ரூமுல. ஆருகிட்டச் சொல்லி அழுகறதுன்னு தெரியாமத்தான் உங்களைப் புடிச்சு உக்கார வச்சுக்கிட்டேன்.

புதங்கிழமை வர்றாங்க. நாளைக்கு விட்டு மறுநாள்.

என்னுங்க? நானா? அந்த ரூமுலயா? நீங்களும் ஃபோர்மேனாட்டவே பேசறீங்களே! மாப்பிள்ளை வாடகை குடுத்து எடுத்த ரூமுல நான் போயிப் படுக்கறதா? அவுரு வாங்கிக் குடுக்கற இட்லியைத் திங்கறதா? அதுக்கு ஹூப்ளிக்கே போயிருக்கலாமே. இல்லீங்க, அது மொறை ஆகாது. நான் வேற ஒரு ரோசனை வச்சிருக்கேன். மடக்குப்படி முடிஞ்சுருச்சு, எஞ்சினும் ஸ்டார்ட்டு ஆகுது, இந்த டிரைவர் சீட்டைத் திருப்பி மாட்டுனாப் போதும். அதனாலதான் உங்களைக் கேக்கறேன், நீங்க தெனமும் டவுனுக்குள்ள போயி வர்றவங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அந்த லாட்ஜு இருக்கற தெரு எந்தப் பக்கம் பாத்து ஓடுது, தெரியுங்களா? வாசல்ல முப்பத்தாறு அடி நிறுத்த விடுவாங்களா?